பூக்க வைத்த மருந்தும் இலை உதிர்த்த மருந்தும்

காவிரி டெல்டா உளுந்து விவசாயிகளுக்கான எந்தக் கையேட்டை எடுத்தாலும் ஒரு பரிந்துரை தவறாமல் இருக்கும். பூக்கும் தருணத்தில் ஒருமுறை, 15 நாள் கழித்து இன்னொருமுறை, 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இலைமேல் தெளியுங்கள். பக்கத்திலேயே இன்னொன்று: என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியை லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவில் தெளியுங்கள், பூ உதிர்வது குறையும். படிக்கும்போது ரெண்டுமே சாதாரண யோசனையாகத்தான் தெரியும். கொஞ்ச நாளாக இந்த இரண்டு வரியும் எங்கிருந்து வந்தன என்று பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியின் வேர் 1840களின் பிரான்ஸுக்குப் போகிறது. இன்னொன்றின் வேர் அமெரிக்க சோயா வயல் வழியாகப் போய் வியட்நாம் காட்டில் முடிகிறது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அடிப்படையில் இரண்டு கேள்விகள். இலை சாப்பிடுமா? செடியிடம் "இப்போ பூ வை" என்று நாம் சொல்ல முடியுமா?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1840களில் யூசெப் கிரிஸ் என்ற பிரெஞ்சுக்காரர், வெளுத்துப்போன இலைகளின் மேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவிப் பார்த்தார். தடவிய இடம் பச்சையானது. வேர்தான் செடியின் வாய் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1916-ல் ஹவாயில் இதே விஷயம் தோட்ட அளவுக்கு வந்தது. அங்கே சில மண்களில் மாங்கனீசு அளவுக்கு மீறி இருந்ததால், மண்ணில் இரும்பு இருந்தும் அன்னாசிச் செடி அதை எடுக்க முடியாமல் மஞ்சளாகி நின்றது. மேக்ஸ்வெல் ஜான்சன் இரும்பு சல்பேட்டைக் கரைத்து இலைமேல் தெளிக்கச் சொன்னார், செடி தேறியது. கவனியுங்கள், மண்ணில் சத்து இல்லாத கதை இல்லை இது. சத்து இருந்தது, வழி அடைத்திருந்தது. பின்னால் டெல்டாவுக்கு வரும்போது இந்த வித்தியாசம் நமக்குத் தேவைப்படும்.

இலை உண்மையிலேயே உள்ளே இழுக்கிறதா என்ற சந்தேகத்தைத் தீர்த்தது அணுயுகம். 1950களில் மிச்சிகனில் டியூக்கி, விட்வர் என்ற இரு தோட்டக்கலை ஆய்வாளர்கள் கதிரியக்கப் பாஸ்பரஸை இலையில் வைத்து, அது எங்கே போகிறது என்று கருவியால் பின்தொடர்ந்தார்கள். இலையில் வைத்த பாஸ்பரஸ் தண்டுக்கும் வேருக்கும் காய்க்கும் போய்ச் சேர்ந்தது. அமைதி வழியில் அணுசக்தி என்று அமெரிக்கா பேச ஆரம்பித்திருந்த நேரம். 1954-ல் டியூக்கி அந்நாட்டு காங்கிரஸின் அணுசக்திக் குழு முன்பாகவே போய் இதை விளக்கினார். இலை சாப்பிடும் என்பது அதோடு முடிவாகிவிட்டது. எவ்வளவு சாப்பிடும் என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதில் தொடக்கத்திலிருந்தே பயறுதான் கதாநாயகன். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருந்த அரசுப் பண்ணையில் கார்னர், ஆலார்ட் என்ற இருவர் 'பிலாக்ஸி' என்ற சோயா ரகத்தை வாரக்கணக்கில் இடைவெளி விட்டு விட்டு விதைத்தார்கள். முன்னால் விதைத்ததும் பின்னால் விதைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், செப்டம்பரில் பூத்தன. செடியின் வயது அங்கே கணக்கில் வரவில்லை. பகல் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதைத்தான் சோயா பார்த்துக்கொண்டிருந்தது. 1920-ல் இதை வெளியிட்டார்கள். நம்மூரில் பட்டம் தவறி விதைத்தால் விளையாது என்று பெரியவர்கள் சொல்வதில் ஒரு பகுதிக்கு அறிவியல் விளக்கம் கிடைத்தது அப்போதுதான்.

அப்படியானால் பகல் குறையும்வரை காத்திருக்காமல், மருந்து ஒன்றைத் தெளித்துப் பூக்க வைக்க முடியுமா? குளிர் சீக்கிரம் வந்துவிடும் வட மாநிலங்களுக்கு இது வாழ்வாதாரக் கேள்வி. சோயா முன்னதாகப் பூத்து முன்னதாகக் காய்த்தால், உறைபனிக்கு முன்னால் அறுவடை செய்துவிடலாம்.

1942-ல் நியூயார்க் மாநிலம் யாங்கர்ஸில் இருந்த பாய்ஸ் தாம்ப்சன் ஆய்வகத்தில் சிம்மர்மேன், ஹிட்ச்காக் என்ற இருவர், செடிகளின் வளர்ச்சியை மாற்றும் செயற்கைப் பொருட்களை வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையாண்டவற்றில் இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, டிரை அயோடோ பென்சாயிக் அமிலம், சுருக்கமாக டி.ஐ.பி.ஏ. இதைக் கொடுத்தபோது தக்காளிச் செடியில் பூ வைக்கும் போக்கே மாறியது. இன்னொன்று, 2,4-டி. அதற்குப் பின்னால் அது உலகம் முழுக்கக் களைக்கொல்லியானது, நம்ம நெல் வயல்வரை வந்தது. ஒரே ஆய்வகம், ஒரே ஆண்டு, அதே இரண்டு பேர்.

அந்தச் சமயம் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கால்ஸ்டன் என்ற 23 வயது புரூக்ளின் பையன் சோயா பூப்பதைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். தக்காளியில் வேலை செய்த டி.ஐ.பி.ஏ. சோயாவில் என்ன செய்யும் என்று தெளித்துப் பார்த்தார். 1943-ல் ஆய்வேட்டை முடித்தார், விவரமான கட்டுரை 1947-ல் வந்தது. அவர் கண்டது இதுதான்: பூக்க ஏற்ற குறும்பகல் கிடைத்த செடிக்கு டி.ஐ.பி.ஏ. தெளித்தால் பூ மொட்டுகள் கூடுதலாக வந்தன. நீண்ட பகலில் வளரும் செடிக்கு என்னதான் தெளித்தாலும், அந்த மருந்து மட்டும் தனியாகப் பூவைக் கொண்டுவரவில்லை. பூக்கத் தயாரான செடியைத்தான் அது இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளியது.

எப்படித் தள்ளியது என்பது அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் தெளிவானது. செடியின் நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகித் தண்டு வழியே கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. "நுனிதான் முதலாளி, பக்கக் கிளைகள் அடங்கி இருக்கட்டும்" என்று சொல்வது மாதிரி ஒரு வேலை அது. டி.ஐ.பி.ஏ. அந்த இறக்கத்தை மறிக்கிறது. நுனியின் அதிகாரம் தளர்ந்து, கணுக்களில் மொட்டுக்கு வாய்ப்பு கிடைக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது. அளவைக் கூட்டினால் செடி இலைகளை உதிர்த்தது. விவசாயக் கண்ணில் பார்த்தால் அது ஓர் எச்சரிக்கைக் குறிப்பு. அதிகம் போடாதே, அவ்வளவுதான்.

போர்க் கண்ணில் அது வேறு மாதிரி தெரிந்தது. மேரிலாந்தில் டெட்ரிக் ராணுவ ஆய்வு மையத்தில் இருந்தவர்கள் 1950களில் இலையுதிர்ப்பான்களைத் தேடியபோது, கால்ஸ்டனின் முடிவுகளையும் எடுத்துப் படித்தார்கள். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிடணும். வியட்நாமில் கொட்டப்பட்டது டி.ஐ.பி.ஏ. கிடையாது. 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்பது 2,4-டி-யும் 2,4,5-டி-யும் சரிபாதி கலந்தது. ஆனால் வளர்ச்சி ஒழுங்கிகளைக் கொண்டு காட்டையே மொட்டையடிக்கலாம் என்ற யோசனைக்கு வலுச் சேர்த்தவற்றில் அந்த சோயா ஆய்வும் ஒன்று. 1962 தொடக்கத்திலிருந்து 1971 ஜனவரிவரை அமெரிக்க விமானங்கள் எல்லா வகையும் சேர்த்து 7 கோடி லிட்டருக்கும் மேல் களைக்கொல்லி தெளித்தன. காட்டுக்கு ஆரஞ்சு. நெல் வயலுக்கென்றே தனியாக ஒன்று இருந்தது, அதன் பெயர் 'ஏஜென்ட் ப்ளூ'. 2,4,5-டி தயாரிக்கும்போது கலந்துவிடும் டையாக்ஸின் நஞ்சின் பாதிப்பை அந்த நாட்டு மக்களும், தெளித்த நாட்டின் சிப்பாய்களும் இன்றுவரை சுமக்கிறார்கள்.

கால்ஸ்டன் அதற்குள் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். விஷயம் தெரிந்ததும் அவர் ஒதுங்கிப் போகவில்லை. 1966-ல் அவரும் சக தாவர உடலியலாளர்கள் சிலரும் ஜனாதிபதி ஜான்சனுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். 2,4,5-டி ஆய்வக எலிகளின் குட்டிகளில் பிறவிக் குறைபாடு உண்டாக்கியது என்ற முடிவு 1969-ல் வெளியே வந்தபோது, மேத்யூ மெசல்சன் போன்றவர்களோடு சேர்ந்து அரசுக்கு நெருக்கடி கொடுத்தார். 1970 ஏப்ரலில் ராணுவம் ஏஜென்ட் ஆரஞ்சை நிறுத்தியது. பிறகு அவர் யேலில் உயிரியல் அறம் பற்றிய பாடம் நடத்தினார், 2008-ல் காலமானார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் சோயாவுக்கே திரும்பிப் போய்ப் பார்த்தேன். அந்த மருந்து விவசாயிக்கு என்ன கொடுத்தது?

1960களில் டி.ஐ.பி.ஏ. மறுபடியும் வயலுக்கு வந்தது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரீர், ஆண்டர்சன் இருவரும் 1965-ல் வெளியிட்ட சோதனைகளில், தெளித்த சோயாச் செடி குட்டையாக, மேலே குறுகிக் கீழே அகன்று நின்றது. இலை சிறுத்ததால் வெயில் அடிக்கணுவரை இறங்கியது, செடி சாயவில்லை. இதை நம்பி 'ரெஜிம்-8' என்ற பெயரில் மருந்து விற்பனைக்கே வந்தது. ஆனால் ஒரு வயலில் விளைச்சல் கூடியது, பக்கத்து ஊரில் ஒன்றும் நடக்கவில்லை, வேறு ரகத்தில் குறைந்தது. செழித்துச் சாய்கிற வயலில் உதவிய மருந்து, ஏற்கெனவே வறட்சியில் குட்டையாக நிற்கும் வயலில் கெடுதல் செய்தது. கடைசியில் விவசாயிகள் அதைக் கைவிட்டார்கள்.

பத்து வருஷம் கழித்து, அதே அயோவாவில், இலை சாப்பிடும் கதை சோயாவைச் சந்தித்தது. 1975-ல் சின்க்ளேர், டி விட் என்ற இருவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். சோயா விதையில் புரதம் மிக அதிகம். விதை நிரம்பும்போது தேவைப்படும் தழைச்சத்தை வேரும் வேர்முடிச்சும் அந்த வேகத்தில் கொடுக்க முடியாது. அதனால் செடி தன் இலையில் இருக்கும் சத்தையே உருவி விதைக்கு அனுப்புகிறது. சத்துப் போன இலை பழுக்கிறது, உணவு தயாரிப்பு நிற்கிறது. செடி தன்னையே தின்று காயை நிரப்புகிறது. சொத்தை விற்றுக் கல்யாணம் பண்ணுகிற குடும்பம் மாதிரி.

இதே நேரத்தில் அயோவாவின் ஜான் ஹேன்வே, கார்சியா இருவருக்கும் தோன்றியது: அந்த நேரத்தில் இலைக்கே சத்தைக் கொடுத்தால்? விதையில் என்ன விகிதத்தில் இருக்கிறதோ அதே விகிதம், தழைச்சத்து 10 பங்குக்குப் பாஸ்பரஸ் 1, பொட்டாசியம் 3, கந்தகம் அரை. காய் நிரம்பும் பருவத்தில் பலமுறை தெளித்தார்கள். கால் பங்குக்கும் மேல் விளைச்சல் கூடியதாக 1976-ல் வெளியிட்டார்கள். அமெரிக்க விவசாய உலகமே பரபரத்தது. பல மாநிலங்களில் உடனே சோதனைகள் நடந்தன. பெரும்பாலான இடங்களில் பலன் இல்லை. சில இடங்களில் உப்பு அதிகமாகி இலை கருகி, விளைச்சல் குறைந்தே போனது.

ஏன் என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சோயாவுக்குத் தேவையான தழைச்சத்து ஏக்கருக்குப் பல பத்து கிலோ. அவ்வளவையும் இலை வழியாகக் கொடுக்க நினைத்தால் இலை கருகும். கருகாத அளவில் கொடுத்தால் தேவையில் சிறு பகுதிதான் போய்ச் சேரும். அதோடு அயோவா மண் ஆழமான கரிசல். உரம் உள்ளே இருக்கிறது, கோடையில் மழையும் பெய்கிறது. வேர் வழி திறந்தே இருக்கும்போது இலை வழி எதற்கு?

இப்போது டெல்டாவுக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழ்.

நெல் தரிசு உளுந்து எப்படி விதைக்கிறார்கள் என்று தெரியாதவர்களுக்காக: சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே, மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது விதையை வீசிவிடுவார்கள். உழவு கிடையாது. நெல் அறுத்ததும் உளுந்து தலை தூக்கும். அதற்கப்புறம் பனியும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும்தான் துணை. ஆடுதுறை 3 மாதிரி ரகங்கள் இந்த முறைக்கென்றே வந்தவை. அடியுரம் போட வழியே இல்லை. போட்டாலும், பூக்கும் நேரத்தில் மேல்மண் காய்ந்து இறுகி வெடிப்பு விட்டிருக்கும். காய்ந்த மண்ணில் இருக்கும் சத்து வேருக்குக் கிடைக்காது. ஹவாய் அன்னாசி மாதிரிதான், வழி அடைத்துவிடுகிறது. அப்போது பூவும் பிஞ்சும் கொட்டும். பயறு வகைகளில் வைக்கிற பூவில் பாதிக்கு மேல் உதிர்வது நல்ல காலத்திலேயே சகஜம், வறண்டால் கேட்கவே வேண்டாம்.

இங்கே தெளிக்கும் டி.ஏ.பி. எவ்வளவு கொடுக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் சாயங்காலம் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி, 200 லிட்டராக்கித் தெளிக்கிறார்கள். இரண்டு தெளிப்புக்கு 8 கிலோ. அதில் தழைச்சத்து 18 சதவீதம், 1.44 கிலோ. ஏக்கருக்கு 300 கிலோ உளுந்து விளைகிறது, புரதம் 24 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த விதைக்குள் போகும் தழைச்சத்து சுமார் 11.5 கிலோ. ஆக, தெளிப்பு கொடுப்பது எட்டில் ஒரு பங்கு. மீதிக்கு வேர்முடிச்சையும் இலையில் சேர்த்ததையும்தான் செடி நம்பணும்.

பாஸ்பரஸ் கணக்கு வேறு. 8 கிலோ டி.ஏ.பி.யில் தனிப் பாஸ்பரஸாகப் பார்த்தால் சுமார் 1.6 கிலோ. 300 கிலோ உளுந்தில் பாஸ்பரஸ் 0.4 சதவீதம் என்று வைத்தால் தேவை 1.2 கிலோ. தெளித்ததில் பாதிதான் உள்ளே போனது என்றாலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை தீர்ந்தது. ஹேன்வேயின் முயற்சி சறுக்கிய இடம் தழைச்சத்து. டெல்டாவில் டி.ஏ.பி. நிற்கும் இடம் பெரும்பாலும் மணிச்சத்து என்பது என் கணிப்பு. அதுவும் வேர் வழி அடைத்த ரெண்டு மூன்று வாரத்துக்கு மட்டும்.

என்.ஏ.ஏ. கணக்கு இன்னும் சின்னது. லிட்டருக்கு 40 மில்லிகிராம், 200 லிட்டருக்கு 8 கிராம். ஒரு ஏக்கருக்கே ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை எடைதான். இதன் கதை ஆப்பிள் தோட்டத்தில் ஆரம்பித்தது. 1939-ல் அமெரிக்க வேளாண் துறையின் கார்ட்னர், மார்த், பாட்ஜர் மூவரும் இதைத் தெளித்தால் அறுவடைக்கு முன் ஆப்பிள் உதிர்வது நிற்கிறது என்று காட்டினார்கள். ஆனால் அதே என்.ஏ.ஏ.வைப் பூ முடிந்த சில வாரத்தில் தெளித்தால் பிஞ்சு உதிரும். மரத்தில் காய் நெருக்கத்தைக் குறைக்கத் தோட்டக்காரர்கள் அதற்கும் இதையேதான் பயன்படுத்துகிறார்கள். நிறுத்துவதும் உதிர்ப்பதும் ஒரே பொருள். எப்போது, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கால்ஸ்டன் சோயாவில் பார்த்ததும் இதைத்தானே.

இப்போது சத்தையும் ஊக்கியையும் ஒரே பாக்கெட்டில் சேர்த்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'பயறு ஒண்டர்' என்று கொடுக்கிறது. பூக்கும் பருவத்தில் ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில். 1840களின் இரும்புக் கரைசலும் 1940களின் ஹார்மோனும் அந்தப் பாக்கெட்டுக்குள் ஒன்றாக இருக்கின்றன.

இந்த வரலாற்றை வைத்து விவசாயிக்கு ஏதாவது சொல்லணும் என்றால் நான் மூன்று விஷயம் சொல்வேன். செடி மண்ணிலிருந்து எடுக்க முடிகிற வயலில் இலைவழி உரத்துக்குப் பெரிய செலவு செய்ய வேண்டாம். பூக்காத செடியைத் தெளித்துப் பூக்க வைக்கலாம் என்று யாராவது கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். பட்டமும் ரகமும் சரியாக இருந்தால்தான் மருந்துக்கு வேலை. "கொஞ்சம் கூடப் போட்டா கூட விளையும்" என்ற பேச்சு யூரியாவுக்கே ஆபத்து, ஊக்கிக்கு அதைவிட ஆபத்து.

நாலாவதாக ஒன்று, சின்ன விஷயம்தான். சம்பாவில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடித்த அதே கைத்தெளிப்பானைத் தை, மாசியில் உளுந்துக்கு எடுக்கிறார்கள். டேங்கிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் மிச்சமே உளுந்து இலையைச் சுருட்டிவிடப் போதும். யாங்கர்ஸ் ஆய்வகத்தில் 1942-ல் கையாண்ட பொருள் அது. அதனால் களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், உளுந்து வயலுக்குள் இறங்கும் முன் டேங்க், குழாய், நாசில் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் விட்டு நாலு தடவை கழுவிவிடுங்கள்.